தொற்றுக் காலத்தில் குடல் நிணத்திசுவில் தங்கிவிடும் நோயெதிர்ப்புச் செல்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடலில் நோய்க்கிருமி நுழைந்ததும், எப்போதும் சுற்றிக்கொண்டே இருக்கும் லிம்போசைட்டுகள் (டி செல்கள், பி செல்கள் போன்ற வெள்ளையணுக்கள்) குடலையொட்டிய நிணத்திசுக்களுக்குள் வந்து, வெளியேறாமல் சில மணி நேரமோ சில நாளோ நின்றுவிடுகின்றன. ஏதோ பசையில் ஒட்டிக்கொண்டதுபோல அவை நிற்பதாகப் பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் அங்கே பசை எதுவும் இல்லை. வெளியே அழைக்கும் குரல் அவற்றின் காதில் விழாதபடி செய்யப்படுகிறது. இந்தப் பக்கத்தில் உள்ள பெரும்பாலான விடைகள் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே கிளைக்கின்றன.

குடல் நிணத்திசு என்பது எவற்றைக் குறிக்கிறது?

முதலாவது, சிறுகுடலின் சுவரில், குறிப்பாக அதன் கடைப்பகுதியில், திட்டுத்திட்டாகக் காணப்படும் பேயர் திட்டுகள். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த யோகான் கொன்ராட் பேயர் 1677-இல் இவற்றை விரிவாக விவரித்தார். மனிதருக்கு வளரிளம் பருவத்தில் இவற்றின் எண்ணிக்கை 200-ஐத் தாண்டும், முதுமையில் குறையும். இவற்றோடு குடல்வால், குடல் சுவரெங்கும் தனித்தனியாகச் சிதறிக்கிடக்கும் சிறு நிணமுடிச்சுகள், குடலைத் தாங்கி நிற்கும் சவ்வுக்குள் வரிசையாக அமைந்த நிணநீர்க்கணுக்கள் ஆகியவையும் சேரும்.

இவற்றுக்குள் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. குடல்தாங்கிச் சவ்வின் கணுக்களுக்குக் குடலிலிருந்து நிணநீர் வந்து சேர்கிறது. கிருமியின் துணுக்குகளைச் சுமந்துவரும் டென்ட்ரைட்டிக் செல்களும் அந்த ஓட்டத்திலேயே வருகின்றன. பேயர் திட்டுக்கு அப்படி உள்ளே வரும் நிணநீர்க் குழாய் கிடையாது. அதன் மேற்பரப்பில் உள்ள எம் செல்கள் குடலின் உட்புறத்திலிருந்து நேரடியாகப் பொருள்களை உறிஞ்சிக் கீழே காத்திருக்கும் செல்களிடம் தருகின்றன. ஆனால் வெளியேறும் வழி இரண்டுக்குமே நிணநீர்க் குழாய்தான். பேயர் திட்டிலிருந்து கிளம்பும் செல் முதலில் குடல்தாங்கிச் சவ்வின் கணுவை அடைந்து, அதைக் கடந்து மார்பு நிணநீர்க் குழாய் வழியாக இரத்தத்தில் கலக்கிறது.

உடலின் நோயெதிர்ப்புச் செல்களில் 70 சதவீதம் குடலில்தான் இருக்கிறது என்பது உண்மையா?

இந்த எண் எங்கும் எழுதப்படுகிறது. அப்படியே ஏற்க வேண்டாம். எதிர்ப்பொருள் சுரக்கும் பிளாஸ்மா செல்களை மட்டும் கணக்கிட்டால் பெரும்பகுதி குடலில் இருப்பது சரியே. எல்லா நோயெதிர்ப்புச் செல்களையும் கணக்கிட்டால் எலும்பு மச்சையும், நிணநீர்க்கணுக்களும், மண்ணீரலுமே பெரும்பங்கைக் கொண்டிருக்கின்றன.

தொற்று இல்லாத நாளில் ஒரு லிம்போசைட் அங்கே எவ்வளவு நேரம் இருக்கும்?

பெரும்பாலும் அரை நாள் முதல் ஒரு நாள் வரை. தான் தேடும் கிருமித்துணுக்கு அங்கே கிடைக்காவிட்டால் அது வெளியேறி இரத்தத்துக்குத் திரும்பி, வேறொரு கணுவுக்குள் நுழைகிறது. இந்தச் சுழற்சியை நிறுவியவர் ஆக்ஸ்போர்டின் ஜேம்ஸ் கோவன்ஸ். எலிகளின் மார்பு நிணநீர்க் குழாயிலிருந்து செல்களை வடித்தெடுத்தால் ஓட்டம் சில நாள்களில் வற்றுவதையும், அதே செல்களை இரத்தத்தில் திரும்பச் செலுத்தினால் அவை மீண்டும் நிணநீரில் வந்து சேர்வதையும் அவர் 1950-களின் இறுதியில் காட்டினார். லிம்போசைட் குறுகிய காலமே வாழும், பயன் விளங்காத செல் என்று அதுவரை பலர் கருதியிருந்தார்கள்.

உள்ளே நுழையும் வாசல், தடித்த உட்சுவர் கொண்ட சிறப்புச் சிரைகள். செல்லின் மேலுள்ள எல்-செலக்டின், ஆல்ஃபா-4 பீட்டா-7 இன்டெக்ரின் என்ற பற்றுப்புரதங்கள் அந்தச் சிரைகளின் சுவரைப் பற்றுகின்றன; குடல் சார்ந்த சிரைகளில் மேட்கேம்-1 என்ற மூலக்கூறு இருப்பதால் இன்டெக்ரினின் பிடி அங்கே வலுவாகிறது. பிறகு சிசிஆர்7 என்ற ஏற்பி, திசுவுக்குள் சுரக்கும் கீமோகைன்கள் என்ற, செல்களை வழிநடத்தும் சைகைப் புரதங்களை உணர்ந்து செல்லை உள்ளே இழுக்கிறது.

அப்படியானால் வெளியேறச் சொல்வது யார்?

எஸ்1பி என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஸ்பிங்கோசின்-1-பாஸ்பேட் என்ற சிறிய கொழுப்பு மூலக்கூறு. இரத்தத்திலும் நிணநீரிலும் இது மிகுதியாக உள்ளது. நிணத்திசுவின் உட்பகுதியிலோ, இதைச் சிதைக்கும் நொதி தொடர்ந்து இயங்குவதால், மிகக் குறைவாகவே உள்ளது. செல்லின் மேற்பரப்பில் உள்ள எஸ்1பி-ஏற்பி-1 இந்த ஏற்றத்தாழ்வை உணர்கிறது. மிகுதி இருக்கும் பக்கம் நகர்வதே வெளியேறுவது.

இந்த அமைப்பு தன்னைத்தானே ஒழுங்குபடுத்திக்கொள்ளும் விதம் வியக்கத்தக்கது. இரத்தத்தில் இருக்கும்போது எங்கும் எஸ்1பி நிறைந்திருப்பதால் ஏற்பி செல்லுக்குள் இழுத்துக்கொள்ளப்படுகிறது. செல் எஸ்1பிக்குச் செவிடாகிறது. அதனால்தான் அது எளிதாகக் கணுவுக்குள் நுழைய முடிகிறது. உள்ளே எஸ்1பி அருகியிருப்பதால், சில மணி நேரத்தில் ஏற்பி மெல்ல மெல்ல மேற்பரப்புக்குத் திரும்புகிறது. செல் வெளியே அழைக்கும் குறிப்பை மறுபடி உணர்கிறது. இதற்கு எதிர்த்திசையில் சிசிஆர்7 உள்ளே பிடித்து இழுக்கிறது. ஆகவே ஒரு செல் தங்குவதும் கிளம்புவதும் இந்த இரண்டு இழுப்புகளில் எது அந்த நேரத்தில் மேலோங்குகிறது என்பதைப் பொறுத்தது. எஸ்1பி-ஏற்பி-1 இல்லாத டி செல்கள், அவை முதிரும் இடமான தைமஸ் சுரப்பியிலிருந்தும் நிணநீர்க்கணுக்களிலிருந்தும் வெளியேற முடிவதில்லை என்பது 2004-இல் எலிகளில் காட்டப்பட்டது. அதன்பின் இந்தத் துறையின் பார்வையே மாறியது.

நரம்பு மண்டலத்துக்கும் இதில் பங்கு உண்டு. நிணநீர்க்கணுக்களுக்குள் செல்லும் பரிவு நரம்புகள் விடுவிக்கும் நார்அட்ரீனலின், லிம்போசைட்டின் பீட்டா-2 ஏற்பியைத் தூண்டி, தங்கவைக்கும் ஏற்பிகளின் வலிமையைக் கூட்டுகிறது.

தொற்று வந்ததும் இந்தச் சமநிலையில் என்ன மாறுகிறது?

முதல் மாற்றம் சில மணி நேரத்திலேயே நிகழ்கிறது. வைரஸின் மரபுப்பொருளையோ பாக்டீரியாவின் உறைப்பொருளையோ உணரும் காவல் செல்கள் முதல்வகை இன்டர்ஃபெரான்கள் என்ற எச்சரிக்கைப் புரதங்களைச் சுரக்கின்றன. இன்டர்ஃபெரான் பட்ட லிம்போசைட் தன் மேற்பரப்பில் சிடி69 என்ற புரதத்தை விரைந்து ஏற்றுகிறது. சிடி69 நெடுங்காலமாக, செல் தூண்டப்பட்டதைக் காட்டும் ஓர் அடையாளச் சின்னமாக மட்டுமே ஆய்வகங்களில் பயன்பட்டது. அது என்ன வேலை செய்கிறது என்று கேட்டவர்கள் குறைவு. 2006-இல் வெளியான ஆய்வு அதற்கு விடை தந்தது. சிடி69, எஸ்1பி-ஏற்பி-1 உடன் நேரடியாகப் பிணைந்து, அதை மேற்பரப்பிலிருந்து உள்ளே இழுத்துச் சிதைவுக்கு அனுப்புகிறது. ஏற்பி போனதும் வெளியேறும் அழைப்பு கேட்பதில்லை; செல் உள்ளேயே நிற்கிறது. சிடி69 இல்லாத எலிச் செல்கள் இன்டர்ஃபெரான் தூண்டப்பட்டபோதும் அப்படி நிற்கவில்லை.

இதன் விளைவு அதற்கு நாற்பதாண்டுகளுக்கு முன்பே கண்ணுக்குத் தெரிந்திருந்தது. 1960-களில் செம்மறியாடுகளின் ஒற்றை நிணநீர்க்கணுவிலிருந்து வெளியேறும் குழாயில் மெல்லிய குழலைச் செருகி, செல்களை மணிக்கணக்கில் எண்ணிய ஆய்வாளர்கள், அயற்பொருளைச் செலுத்தியதும் வெளியேறும் செல்களின் எண்ணிக்கை திடீரெனச் சரிவதையும், பிறகு வழக்கத்தைவிடப் பலமடங்கு பெருகுவதையும் பதிவுசெய்தார்கள். கணு தன் கதவைச் சாத்திக்கொள்கிறது என்று அப்போதே விவரித்தார்கள். கதவின் தாழ்ப்பாள் எது என்பதுதான் தெரியாமல் இருந்தது. பொறுமையாக எண்ணியவர்களின் உழைப்பு, மூலக்கூறின் பெயர் தெரியாத காலத்திலும் எவ்வளவு சரியாக இருந்தது என்பதற்காகவே இந்த வரலாற்றை இங்கே சொல்கிறேன்.

வெளியேற்றம் தடைபடும் அதே நேரத்தில் நுழைவு கூடுகிறது. கணுவுக்கு வரும் தமனி விரிந்து இரத்த ஓட்டம் பெருகுவதால், உள்ளே வரும் செல்களின் எண்ணிக்கை உயர்கிறது. கணுவின் சட்டகமாக இருக்கும் நார்ச்செல்கள் தம் இறுக்கத்தைத் தளர்த்தி இடம் தருகின்றன. தொற்றின்போது கணு வீங்குவதற்கு இவை அனைத்தும் சேர்ந்தே காரணம்; உள்ளே செல்கள் பெருகத் தொடங்குவது அதற்குப் பிந்திய கட்டம்.

கிருமியை அறியாத செல்களையும் ஏன் நிறுத்திவைக்க வேண்டும்?

ஒரு குறிப்பிட்ட கிருமித்துணுக்கை அறியக்கூடிய, இதுவரை எதையும் சந்திக்காத டி செல்கள், ஒரு லட்சத்தில் ஒன்று முதல் பத்து லட்சத்தில் ஒன்று என்ற அளவிலேயே இருக்கின்றன. யாரிடம் அந்தத் திறன் இருக்கிறது என்று முன்கூட்டியே அறிய வழி இல்லை. எனவே வந்தவர் அனைவரையும் சற்று நேரம் நிறுத்தி, டென்ட்ரைட்டிக் செல்கள் கொண்டுவந்ததைப் பார்த்துவிட்டுப் போகச் செய்வதே ஒரே வழி. சிடி69-ஆல் நிகழும் இந்தப் பொதுத் தடை ஓரிரு நாளில் தளர்ந்துவிடும், பொருந்தாதவை கிளம்பும்.

பொருந்தியவற்றின் கதை வேறு. தன் துணுக்கைக் கண்டுகொண்ட டி செல், எஸ்1பி-ஏற்பி-1-ஐ உருவாக்கும் மரபணுவைத் தூண்டும் கேஎல்எஃப்2 என்ற புரதத்தையே குறைத்துவிடுகிறது. முதலில் ஏற்பி மட்டும் அகற்றப்பட்டது. இப்போது அதன் உற்பத்தியே நிற்கிறது. அதனால் தடை ஆழமாகிறது. செல் பலமுறை பிரிந்து பெருகி, ஏறத்தாழ மூன்று நான்கு நாள்களுக்குப் பிறகு ஏற்பியை மீண்டும் உருவாக்குகிறது. அதே சமயம் சிசிஆர்7 குறைகிறது. உள்ளிழுப்பு தளர, வெளியழைப்பு வலுக்க, பெருகிய செல்கள் அலையாக வெளியேறுகின்றன. செம்மறியாடுகளில் காணப்பட்ட இரண்டாம் கட்டப் பெருக்கம் இதுதான்.

இங்கே கால ஒழுங்குதான் எல்லாம் என்பது என் கருத்து. முன்கூட்டியே வெளியேறினால் போதிய எண்ணிக்கையும் பயிற்சியும் இல்லாத செல்களே குடல் சுவரை அடையும்; பிந்தினால் கிருமி பரவிவிடும். எத்தனை செல்கள் தங்கின என்று மட்டும் பேசி, எவ்வளவு நேரம் தங்கின என்பதை விட்டுவிடும் விளக்கங்கள் பாதி விளக்கங்களே.

வெளியேறிய செல்கள் மீண்டும் குடலுக்கே திரும்புவது எப்படி?

தங்கியிருந்த நாள்களில் அவை பெற்ற முத்திரையால்தான். குடலிலிருந்து வரும் டென்ட்ரைட்டிக் செல்கள் உயிர்ச்சத்து ஏ-யிலிருந்து ரெட்டினோயிக் அமிலத்தைத் தயாரிக்கின்றன. அந்த அமிலத்தின் முன்னிலையில் தூண்டப்பட்ட டி செல்லும் பி செல்லும் ஆல்ஃபா-4 பீட்டா-7 இன்டெக்ரினை மிகுதியாகவும், சிறுகுடலின் கீமோகைனை உணரும் சிசிஆர்9 ஏற்பியையும் பெறுகின்றன. எனவே இரத்தத்தில் கலந்த பிறகும் அவை குடல் சுவரின் சிரைகளிலேயே இறங்குகின்றன. உயிர்ச்சத்து ஏ குறைந்தால் இந்த முத்திரை நலிகிறது.

பி செல்களுக்கும் இதே விதிதானா?

அடிப்படை ஒன்றே, ஆனால் அவற்றுக்குக் கூடுதலாக ஓர் உள்ளறை உண்டு. தூண்டப்பட்ட பி செல்கள் முளைமையங்கள் எனப்படும் பகுதிகளில் கூடி, எதிர்ப்பொருளின் பொருத்தத்தைச் சுற்றுச்சுற்றாகச் செம்மைப்படுத்துகின்றன. அங்கே அவற்றைப் பிடித்துவைப்பது எஸ்1பியின் இன்னொரு ஏற்பியான எஸ்1பி-ஏற்பி-2. முதல் ஏற்பி செல்லை எஸ்1பியை நோக்கி அழைக்கிறது; இரண்டாவது ஏற்பியோ எஸ்1பி கூடும் இடத்திலிருந்து செல்லைத் தள்ளி, முளைமையத்தின் நடுவிலேயே நிற்கவைக்கிறது. ஒரே மூலக்கூறு, இரண்டு ஏற்பிகளின் வழியே நேர்மாறான கட்டளைகளாக மாறுகிறது.

மற்ற நிணநீர்க்கணுக்களில் முளைமையம் தொற்றோ தடுப்பூசியோ வந்தால்தான் உருவாகும். பேயர் திட்டுகளில், குடல்வாழ் நுண்ணுயிர்களின் இடையறாத தூண்டலால், முளைமையங்கள் எப்போதும் இயங்கிக்கொண்டே இருக்கின்றன. அங்கிருந்து ஐஜிஏ என்ற வகை எதிர்ப்பொருளைச் சுரக்கும் பாதைக்கு வந்த இளம் பிளாஸ்மா செல்கள் கிளம்புவதற்கு எஸ்1பி-ஏற்பி-1 மீண்டும் தேவை. அதைத் தடுத்தால் எலிகளில் குடலின் ஐஜிஏ எதிர்வினை குறைகிறது.

சில செல்கள் குடலிலேயே நிரந்தரமாகத் தங்கிவிடுமாமே?

ஆம். ஆனால் அது நிணத்திசுவில் நிகழும் தற்காலிகத் தங்கலிலிருந்து வேறானது. இரண்டையும் கலக்கக் கூடாது. தொற்று ஓய்ந்த பிறகு குடலின் மேற்படலத்திலும் அதன் கீழ் அடுக்கிலும் குடியேறும் திசுவாழ் நினைவு டி செல்கள் இரத்தச் சுழற்சிக்குத் திரும்புவதில்லை. இரண்டு எலிகளின் இரத்த ஓட்டத்தை அறுவையால் இணைத்து வாரக்கணக்கில் விட்டாலும், ஒன்றின் குடலில் உள்ள இத்தகைய செல்கள் மற்றதன் குடலுக்குள் ஏறத்தாழ நுழைவதே இல்லை. டிஜிஎஃப்-பீட்டா என்ற சைகைப் புரதத்தின் தூண்டலால் இவை சிடி103 என்ற புரதத்தை ஏற்று, மேற்படலச் செல்களின் மேலுள்ள ஈ-கேட்ஹெரின் என்ற புரதத்தைப் பற்றிக்கொள்கின்றன. பசை என்ற உவமை ஓரளவு பொருந்துவது இங்கேதான். இங்கும் கேஎல்எஃப்2 அடங்கியிருக்க, சிடி69 நீடித்திருக்கிறது; தற்காலிகமாகப் பயன்பட்ட அதே தாழ்ப்பாள் இங்கே நிலையாகப் போடப்படுகிறது.

நோய்க்கிருமிகள் இந்த அமைப்பைத் தமக்குச் சாதகமாக்கிக்கொள்ளுமா?

பல கிருமிகள் அதைத்தான் செய்கின்றன. டைபாய்டை உண்டாக்கும் சால்மோனெல்லா, எம் செல்களின் வழியே பேயர் திட்டுக்குள் இறங்கி, அங்கே கூடியிருக்கும் விழுங்குசெல்களுக்குள்ளேயே வாழ்கிறது. செல்கள் மேலும் மேலும் திரள்வதால் திட்டு வீங்கி, உரிய சிகிச்சை இல்லாவிட்டால் அழுகிப் புண்ணாகி, பொதுவாக மூன்றாவது வாரத்தில் இரத்தக்கசிவோ குடல் துளையோ ஏற்படலாம். காப்பதற்காக நிகழ்ந்த திரட்சியே இடத்தைச் சிதைக்கும் நிலை அது. சால்மோனெல்லாவின் உறைப்பொருள் எலிகளின் கணுக்களில் செல்களை வழிநடத்தும் கீமோகைன்களைக் குறைத்து, டி செல், பி செல் பகுதிகளின் ஒழுங்கையே குலைப்பதும் அறியப்பட்டுள்ளது.

யெர்சினியா சூடோடியூபர்குலோசிஸ் என்ற பாக்டீரியா தரும் பாடம் இன்னும் கவலைக்குரியது. எலிகளில் இந்தத் தொற்று குடல்தாங்கிச் சவ்வின் நிணநீர்க் குழாய்களைக் கசியவைக்கிறது. கணுவுக்குப் போக வேண்டிய டென்ட்ரைட்டிக் செல்கள் அருகிலுள்ள கொழுப்புத்திசுவில் இறங்கி அங்கேயே நிற்கின்றன. கிருமி நீங்கிய பிறகும் இந்தக் கசிவு தொடர்வதால், குடலின் பிற்கால எதிர்வினைகளும் பழுதுபடுகின்றன.

எச்ஐவி தொற்றின் முதல் வாரங்களிலேயே குடல் சுவரில் உள்ள, பிற நோயெதிர்ப்புச் செல்களுக்குத் துணைபுரியும் சிடி4 டி செல்கள் பெருமளவில் அழிகின்றன. எஞ்சும் வைரஸ், நிணத்திசுவின் பி செல் முடிச்சுகளுக்குள் உள்ள துணை டி செல்களில் பதுங்குகிறது. கொல்லும் திறனுள்ள சிடி8 டி செல்கள் அந்த முடிச்சுகளுக்குள் குறைவாகவே நுழைவதால், செல்களைத் தங்கவைக்கும் அந்த உள்ளறை வைரஸுக்கும் அரணாகிவிடுகிறது.

இரத்தப் பரிசோதனையில் லிம்போசைட் குறைந்திருந்தால், அவை அழிந்துவிட்டன என்று பொருளா?

அப்படி முடிவுகட்ட முடியாது. உடலின் லிம்போசைட்டுகளில் ஏறத்தாழ 2 சதவீதமே ஒரு நேரத்தில் இரத்தத்தில் இருக்கிறது. திசுக்களிலிருந்து திரும்புவது சில மணி நேரம் தடைபட்டாலே இரத்த எண்ணிக்கை விழும். பல வைரஸ் காய்ச்சல்களின் தொடக்க நாள்களிலும், இன்டர்ஃபெரான் மருந்தாகத் தரப்படும்போதும் காணப்படும் தற்காலிகச் சரிவில் இதற்குப் பங்கு உண்டு. எனினும் செல்கள் உண்மையிலேயே இறக்கும் தொற்றுகளும் இருப்பதால், தொடர்ந்து குறைந்திருக்கும் எண்ணிக்கையை மருத்துவரே ஆராய வேண்டும்.

குழந்தையின் வயிற்று ஸ்கேனில் கணுக்கள் பெரிதாக இருப்பதாகச் சொன்னால் அஞ்ச வேண்டுமா?

குழந்தைகளுக்கு வைரஸ் தொற்றின்போதோ யெர்சினியா போன்ற பாக்டீரியா தொற்றின்போதோ குடல்தாங்கிச் சவ்வின் கணுக்கள் வீங்கி, வலது அடிவயிற்றில் வலி தரலாம். பெரும்பாலும் தானே குறையும். ஆனால் குடல்வால் அழற்சியும் அதே இடத்தில் வலிக்கும் என்பதால், வலி கூடினாலோ காய்ச்சலும் வாந்தியும் நீடித்தாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இந்தத் தங்கலை மருந்தால் கூட்டவோ குறைக்கவோ முடியுமா?

முடியும். ஒரு பூஞ்சைப் பொருளிலிருந்து உருவாக்கப்பட்ட ஃபின்கோலிமாட், உடலுக்குள் எஸ்1பியைப் போன்ற வடிவம் பெற்று, எஸ்1பி-ஏற்பி-1-ஐ முதலில் தூண்டிப் பிறகு மேற்பரப்பிலிருந்தே அகற்றிவிடுகிறது. சிடி69 செய்யும் வேலையை அது தொற்றே இல்லாமல் செய்கிறது என்று சொல்லலாம். 2010-இல் அமெரிக்காவில், மூளையையும் தண்டுவடத்தையும் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோய்க்கு ஒப்புதல் பெற்றது. இதே வழியில் இயங்கும் ஓசானிமாட் 2021-இலும், எட்ராசிமாட் 2023-இலும் பெருங்குடல் புண் அழற்சிக்கு ஒப்புதல் பெற்றன.

2014-இல் வந்த வெடோலிசுமாப் இவற்றோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளப்படுகிறது. அது ஆல்ஃபா-4 பீட்டா-7 இன்டெக்ரினை மறைத்து, செல்கள் குடலுக்குள் நுழைவதைத் தடுக்கிறது. முந்தியவை கணுக்களிலிருந்து வெளியேறுவதைத் தடுக்கின்றன. எஸ்1பி வழி மருந்துகளை எடுப்போருக்கு இரத்த லிம்போசைட் குறைவது மருந்தின் எதிர்பார்த்த விளைவே. ஆயினும் ஹெர்பீஸ் வகை உள்ளிட்ட தொற்றுகளுக்கான ஆபத்து கூடுவதால், உயிருள்ள தடுப்பூசிகள் சிகிச்சையின்போது தவிர்க்கப்படுகின்றன.

மனிதரில் இவை நிகழ்வதை எப்படி அறிகிறார்கள்?

எலிகளில் வழிகள் பல உண்டு. நுழைவைத் தடுக்கும் எதிர்ப்பொருளைச் செலுத்திவிட்டு, உள்ளே எஞ்சும் செல்கள் எவ்வளவு விரைவாகக் குறைகின்றன என்று எண்ணலாம். ஒளிபட்டால் நிறம் மாறும் புரதம் கொண்ட செல்களைக் குறிப்பிட்ட கணுவில் நிறமேற்றி, அவை எப்போது எங்கே போகின்றன என்று தொடரலாம். மனிதரின் குடல்தாங்கிச் சவ்வின் கணுவை அப்படித் திறந்துபார்க்க இயலாது. அறுவையின்போது கிடைக்கும் திசுவும் உறுப்புக் கொடையாளரின் திசுவும் ஒரு கணத்தின் நிழற்படத்தையே தருகின்றன.

அதனால் வாய்வழித் தடுப்பூசிகள் ஓர் அரிய சாளரமாகின்றன. டைபாய்டுக்கு எதிரான உயிருள்ள வாய்வழித் தடுப்பூசியை விழுங்கியவரின் இரத்தத்தில், முதல் இரண்டு மூன்று நாள்களில் அந்தக் கிருமிக்கு எதிரான எதிர்ப்பொருள் சுரக்கும் செல்கள் ஏறத்தாழ எதுவும் தென்படுவதில்லை. ஏறத்தாழ ஏழாம் நாளில் அவை உச்சத்தை அடைகின்றன. அவற்றில் பெரும்பாலானவை ஆல்ஃபா-4 பீட்டா-7 இன்டெக்ரினைத் தாங்கியிருக்கின்றன. இரண்டு வாரத்துக்குள் அவை இரத்தத்திலிருந்து மறைந்துவிடுகின்றன. அதற்குள் குடல் சுவரில் இறங்கி, ஐஜிஏ சுரக்கத் தொடங்கியிருக்கும்.